தூணிக்குள் இருக்கும் அம்பு
(புனித திருமுழுக்கு யோவான் பிறப்புப் பெருவிழா, ஜூன் 24 – வானொலி மறையுரை)



திருமுழுக்கு யோவான் பிறந்த இந்நாளில் திருஅவை நமக்கு எசாயா 49ஆம் அதிகாரத்தை முதல் வாசகமாகத் தருகிறது. அங்கே இறைவனின் ஊழியர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு ஆயுதங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று வாள், மற்றது அம்பு. வாளைப் பற்றி நாம் நிறைய மறையுரை கேட்டாயிற்று. அம்பைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆகையால் இன்று அம்பையே எடுத்துக்கொள்வோம். அது எப்படி எய்யப்படுகிறது என்பதைவிட எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

அந்த வாசகத்தில் அம்புக்கு எபிரேய மொழியில் 'பாரூர்' என்ற அடைமொழி வருகிறது. தேய்த்துத் துலக்கியது, மாசு நீக்கியது, பொறுக்கி எடுத்தது என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. இதை வாசிக்கும்போது பளபளக்கும் இரும்பு முனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அம்பு செய்கிறவருக்கு முனை கடைசி வேலை. அவர் நாள்கணக்கில் தேய்ப்பது தண்டைத்தான். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரைத் தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு அம்பு முனைகளும் கிடைத்தன. முனைகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. தண்டுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அதனால்தானோ என்னவோ, அம்பு என்றவுடன் நமக்கு இரும்பு மட்டும் ஞாபகம் வருகிறது. நம் முன்னோர் மொழியில் அப்படி இல்லை. பழந்தமிழில் 'கோல்' என்ற சொல் மரக்கொம்பையும் குறிக்கும், அம்பையும் குறிக்கும். 'சரம்' என்ற வடசொல்லும் அப்படித்தான். நாணலும் அதுவே, அம்பும் அதுவே.

எந்தக் கொம்பு அம்பாகும்? வளர்ந்த மரத்தின் கிளையில் தேடினால் கிடைக்காது. கிளை கோணிப்போகும், கணுவுக்குக் கணு பக்கக் கிளை விடும். அடியோடு வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும் விளாறுதான் அம்புக்கு ஏற்றது. ஏன் என்றால், பூமிக்குள் இருக்கும் வேர் ஒரு முழு மரத்துக்கு உரியது. மேலே மிஞ்சியிருப்பதோ நாலைந்து மொட்டு. அத்தனை வேரின் பலமும் அந்த மொட்டுகளுக்கே போவதால், அவை பக்கவாட்டில் கிளைக்க நேரமில்லாமல் வெளிச்சத்தை நோக்கி நெட்டுக்கு ஓடும். இது தெரிந்ததால்தான் கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்கள் புதர்களை வேண்டுமென்றே வெட்டியும் தீயிட்டும் விட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் முளைத்த நேரான விளாறுகள் அவர்களுக்குக் கூடையாகவும் அம்பாகவும் ஆயின. முந்திரியையும் வேம்பையும் வெட்டிய இடத்தில் கட்டை மறுபடி துளிர்ப்பதைப் பார்த்திருக்கும் விருத்தாசலம் பக்கத்து மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேறொரு இடத்திலும் எசாயா இதே காட்சியைத்தான் காட்டுகிறார். வெட்டுண்ட ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் எழும் என்று 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தாவீதின் குலம் வெட்டப்பட்ட மரமாகத் தெரிந்த காலத்துக்கு உரிய நம்பிக்கை அது. அங்கே வரும் எபிரேயச் சொல் 'ஹோத்தெர்'. இந்தச் சொல் விவிலியத்தில் இரண்டே இடங்களில் உள்ளது. மற்றொரு இடம் நீதிமொழிகள் 14ஆம் அதிகாரம். அங்கே அது மூடனின் வாயில் இருக்கும் பிரம்பு, அடிக்கிற கோல். ஒரே சொல் தளிராகவும் பிரம்பாகவும் நிற்கிறது. நம் ஊர் 'விளாறு' என்ற சொல்லும் அப்படியே. புளியம் விளாறு என்றால் இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகு இன்னமும் ஒருமுறை சிலிர்க்கும்!

இனி வேலைக்கு வருவோம். முதல் ஆண்டு விளாறு ஆகாது. பார்க்க அழகாக நேராக இருக்கும். உள்ளே சோறு அதிகம், மரம் குறைவு. வெட்டிக் காய வைத்தால் சுருங்கி நொறுங்கும். இரண்டாம் ஆண்டு விளாறு நல்லது. சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இலை உதிர்ந்து சாறு இறங்கியிருக்கும் காலத்தில், நமக்குத் தை மாசியில், வெட்ட வேண்டும். தேவையான நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டுவார்கள், ஏனென்றால் காயும்போது இரு நுனியும் வெடிக்கும். வெட்டியதைத் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வளையும். பத்து இருபதைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, பட்டையோடு நிழலில் வைக்க வேண்டும். கட்டுக்குள் ஒன்றை ஒன்று தாங்கி ஓரளவு நேராகவே காயும். மூன்று மாதம் கழித்து எடுக்கலாம். பொறுமை உள்ளவர்கள் ஓராண்டு விடுவார்கள். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் விறகுதான் கிடைக்கும்.

காய்ந்தபின் பட்டையைச் சீவினால், நேர் என்று நினைத்தது நேர் இல்லை என்று தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தால் மூன்று நான்கு இடங்களில் கோணல் இருக்கும். பச்சையாக இருந்தபோது வளைந்துகொடுத்தது, காய்ந்தபின் கையால் அழுத்தினால் படக்கென்று ஒடியும். அதற்குத்தான் நெருப்பு. கங்குக்கு மேல், சுவாலை படாமல், கோணல் உள்ள இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சூடு காட்ட வேண்டும். மரநாரை இறுகப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகும். கை பொறுக்கும் சூடு போதாது. கருகும் சூடும் கூடாது. இளகியவுடன் மெதுவாக எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும் வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பலர் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிடுவது இந்த இடத்தில்தான். ஆறுவதற்குள் விட்டால் மரம் பழைய கோணலுக்கே திரும்பும். ஒரு கோணலை எடுத்தால் அடுத்தது தெரியும். அதை எடுத்து முடித்தபின் முதலாவது கொஞ்சம் திரும்பி வந்திருக்கும். மழைக்காலத்து ஈரத்தில் மறுபடியும் வளையும். மறுபடியும் சூடு காட்ட வேண்டும். விளாற்றில் செய்த அம்பை 'நிமிர்த்தி முடித்துவிட்டேன்' என்று யாரும் சொல்ல முடியாது.

பீங்கான் தொழில் செய்யும் நம் சகோதரர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே புலப்படும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அகல் விளக்கோ பொம்மையோ மின்சார ஃபியூஸ் கட்டையோ சூளைக்குள் போகும் வரைதான் திருத்த முடியும். சூளையில் கோணிப்போனால் உடைத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். எரேமியாவின் குயவர் உவமையும் சூளைக்குப் போகாத ஈரக் களிமண்ணைப் பற்றியது. மரம் அப்படியில்லை. காய்ந்து இறுகிய பிறகும் அது சூட்டுக்கு இணங்குகிறது. 'இவன் இனி திருந்த மாட்டான், வெந்த மண்' என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லும் பெற்றோரை நாம் சந்திக்கும்போதெல்லாம், இவர்கள் எந்தத் தொழிலிலிருந்து உவமை எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு கணுக்களைச் சீவி, சொரசொரப்பான கல்லில் தேய்த்து உருண்டையாக்க வேண்டும். நடுவே பள்ளம் விழுந்த தேய்ப்புக் கற்கள் உலகின் பல அகழ்வாய்வுகளில் கிடைக்கின்றன. அம்புத் தண்டு ஓடி ஓடி விழுந்த பள்ளம் அது. 'பாரூர்' என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை நமக்குத் தெரியாது. அடுத்து நாணில் பொருந்தும் வெட்டு, அது பிளக்காமல் இருக்க அதன் கீழே நூல் கட்டு, பின் மூன்று இறகு. இறகு மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடச்சிறகில் ஒன்றும் வலச்சிறகில் ஒன்றுமாகக் கலந்தால் ஒன்று ஒரு பக்கம் திருப்ப, மற்றது மறுபக்கம் இழுக்கும். அப்பா ஒன்று சொல்லி அம்மா அதற்கு எதிராகச் சொல்லும் வீட்டுப் பிள்ளையின் நிலைதான் அந்த அம்புக்கும்.

இவ்வளவு பாடுபட்டு நிமிர்த்திய அம்பு, வில்லை விட்டுக் கிளம்பும் கணத்தில் என்ன செய்கிறது தெரியுமா? வளைகிறது. நாண் பின்னாலிருந்து தள்ள, வில்லின் தண்டு வழியில் நிற்க, அம்பு பாம்புபோல் நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பிறகுதான் நேராகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவை 1930களில் அமெரிக்காவில் அதிவேகப் படக்கருவி வைத்துக் காட்டினார்கள். அம்பு விறைப்பாக இருந்தாலும் இலக்குத் தவறும், அளவுக்கு மீறி நெளிந்தாலும் தவறும். எந்த வில்லுக்கு எவ்வளவு நெளிவு வேண்டும் என்பதை அம்பு செய்கிறவர் கையால் வளைத்துப் பார்த்தே தெரிந்துகொள்வார். ஆகவே நிமிர்த்துவது என்றால் விறைக்க வைப்பது என்று பொருள் இல்லை. அம்பு நேராக இருந்தும் கொடியது, யாழ் வளைந்திருந்தும் இனியது என்று திருவள்ளுவர் சுட்டிக்காட்டியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆம், அம்பு கொல்லும் கருவி. மறையுரை என்பதற்காக அதை மூடிமறைத்துப் பேச முடியாது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அம்பு தைத்த வீரர்களைப் பார்க்கலாம். நம் ஆலயங்களில் புனித செபஸ்தியார் சுரூபத்தைப் பார்க்கிறோம். அம்புகளால் அவர் இறக்கவில்லை, புனித ஐரின் என்ற பெண்மணி காயங்களுக்கு மருந்திட்டுப் பிழைக்க வைத்தார், பிறகு தடியால் அடித்தே கொன்றார்கள் என்பது மரபு. கேரளத்தில் திருச்சூர், எர்ணாகுளம் பக்கத்துப் பங்குகளில் 'அம்பு பெருநாள்' என்றே கொண்டாடி, அந்த அம்பை வீடு வீடாக எடுத்துச் செல்கிறார்கள். கொல்ல வந்த பொருளை ஆசீராக ஏந்துவது நம் சமயத்துக்குப் புதிதல்ல, சிலுவையையே ஏந்துகிறோம்.

இப்போது உங்களை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போக வேண்டும், ஏனென்றால் உலகிலேயே மிகப் பழைய முழுமையான அம்பறாத்தூணிகளில் ஒன்று அங்கேதான் கிடைத்தது. 1991 செப்டம்பரில், இத்தாலி ஆஸ்திரியா எல்லையில், 3,200 மீட்டர் உயரத்தில் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் தெரிந்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். 'ஓட்சி' என்று பெயர் வைத்தார்கள். இன்று இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறான். அவனுடைய தோல் தூணிக்குள் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. விபர்னம் என்ற புதர்ச்செடியின் விளாறுகள் அவை; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 85 செ.மீ. நீளம். அந்த 14இல் முடிந்தவை இரண்டு மட்டுமே. அந்த இரண்டிலும் கல் முனையும், மரப்பிசினால் ஒட்டி நூலால் சுற்றிய மூன்று இறகும் இருந்தன. இரண்டும் ஒடிந்திருந்தன. மீதி 12க்கும் முனை இல்லை, இறகு இல்லை. கையில் இருந்த வில்லும் செதுக்கி முடிக்காதது. பத்தாண்டு கழித்து, 2001இல், எக்ஸ்ரே படத்தில் அவனுடைய இடது தோளுக்குள் ஒரு கல் முனை தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து எய்த அம்பு அவனைக் கொன்றிருக்கிறது.

முடியாத 12 தண்டுகளை அவன் ஏன் அந்த உயரத்துக்குச் சுமந்துகொண்டு போனான்? போகிற வழியில் செய்துமுடிக்கலாம் என்று நினைத்திருப்பான். இதற்குமேல் நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் தூக்கி எறியவில்லை. பாதி செய்த தண்டும் தூணிக்குள்தான் இருந்தது, முடிந்த அம்போடு பக்கத்திலே.

எசாயாவின் ஊழியரும் தம்மை இறைவன் தூணிக்குள் ஒளித்து வைத்ததாகவே சொல்கிறார். எய்ததாகச் சொல்லவில்லை. சில வசனங்கள் தள்ளி, தம் உழைப்பெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று புலம்பவும் செய்கிறார். நேயர்களே, மங்களூர் வட்டாரத்தில் சோளமும் பருத்தியும் விளையும் ஒவ்வொரு ஊரிலும் இந்த வாசகத்தைக் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கி, குரூப் 4 தேர்வுக்கும் ஆசிரியர் தேர்வுக்கும் மூன்றாவது தடவை படித்துக்கொண்டு, பகலில் வெளியே தலைகாட்டத் தயங்கும் பிள்ளைகள். 'இன்னும் ஒண்ணும் அமையலையா?' என்று கேட்காத உறவினர் இல்லை. கல்யாண வீட்டுக்கு வர மறுக்கிறார்கள், கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஆசீர் முடிவதற்குள் போய்விடுகிறார்கள். இவர்களை வீட்டில் 'வெட்டியாக இருக்கிறான்' என்று சொல்கிறோம். தூணிக்குள் இருக்கிறான் என்று சொல்லிப்பார்த்தால் என்ன? சொல்லை மாற்றினால் வேலை கிடைத்துவிடாது, அது நமக்கும் தெரியும். சாப்பாட்டுத் தட்டின் முன் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து உட்கார அது உதவும்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருளர் மக்களுக்கு 'வில்லியர்' என்றொரு பெயர் உண்டு. வில்லைப் பெயரிலேயே வைத்திருக்கும் மக்கள். இன்று அவர்களில் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு போகிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பெற்றோரோடு சூளைக்குப் போன பிள்ளை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வகுப்பில் இருக்காது. முதல் ஆண்டு விளாற்றை வெட்டினால் என்ன ஆகும் என்று சற்றுமுன் சொன்னோம். சூளை முதலாளிகளில் இந்த வானொலியைக் கேட்பவர்களும் இருக்கலாம், நம் பங்குகளைச் சேர்ந்தவர்களும் இருக்கலாம். உங்கள் சூளையில் இருக்கும் பிள்ளைகளை இந்த வாரமே பள்ளியில் சேர்க்க வழி செய்யுங்கள். முன்பணக் கணக்கைப் பெற்றோரோடு பேசிக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்தால், அந்தக் கணக்கே சட்டப்படி செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திருப்பாடல் 127 பிள்ளைகளை வீரனின் கையில் உள்ள அம்புகளுக்கு ஒப்பிடுகிறது. திருமணத் திருப்பலிகளில் பாடுகிறோம், தூணி நிறையட்டும் என்று வாழ்த்துகிறோம். அம்பு கையை விட்டுப் போவதற்கென்றே செய்யப்படுவது என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை. வாழ்த்துகிற இடத்தில் எப்படிச் சொல்வது? ஆனால் இருபத்தைந்து ஆண்டு கழித்து, மகன் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ திருப்பூருக்கோ போனபின் அதே தம்பதியர் பங்கு இல்லத்துக்கு வந்து அழுகிறார்கள். இல்லையென்றால், மகள் தனக்குப் பிடித்த படிப்பைக் கேட்டாள் என்பதற்காக வீட்டில் பேச்சில்லாமல் இருக்கிறார்கள். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. ஒரே விளாற்றை அடிக்கவும் எடுக்கலாம், அம்பாகவும் செய்யலாம். அடிக்க எடுத்தால் ஒரு நிமிட வேலை, அம்பாக்க ஓராண்டு ஆகும்.

இன்றைய நற்செய்தியில் செக்கரியாவும் எலிசபெத்தும் வயதான காலத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றார்கள். சுற்றத்தார் கூடி, அப்பாவின் பெயரையே வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். நம் ஊரில் தாத்தா பெயருக்குச் சண்டை நடப்பதுபோல்தான். எலிசபெத் அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, யோவான் என்கிறார். உன் சொந்தத்தில் அந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்கிறார்கள். பேச முடியாத செக்கரியா ஒரு பலகையை வாங்கி அந்தப் பெயரையே எழுதுகிறார். எழுதியதும் நா கட்டவிழ்கிறது. தன் பெயரை மகன்மேல் சுமத்தாமல் விட்டதும் அவருக்குப் பேச்சு வருகிறது! அந்தப் பிள்ளை வளர்ந்து அப்பாவைப்போல் கோவிலில் தூபம் காட்டப் போகவில்லை. பாலைநிலத்துக்குப் போனார். இஸ்ரயேலுக்கு முன் வெளிப்படும் நாள் வரை அங்கேயே இருந்தார் என்று லூக்கா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. அவ்வளவு காலமும் தூணிக்குள். எலிசபெத் அம்மாள் மகன் வெளிவரும் வரை உயிரோடு இருந்தாரா என்று விவிலியம் சொல்லவில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கடந்த தை மாதம் நம் பங்கு இல்ல வேலியில் இருந்த நொச்சியை வெட்டிக் கட்டி நிழலில் வைத்தோம். ஆடு தொடாத செடி, கூடை பின்னுகிறவர்கள் விரும்பும் விளாறு. நாற்கோணமாக வளரும், சீவினால் உருண்டையாகும். இப்போது நன்றாகக் காய்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கங்கு மூட்டி நிமிர்த்தத் தொடங்குகிறோம். முனைக்கு இரும்பு கிடையாது, துணிப்பந்து மட்டும்தான். பிள்ளைகள் வரலாம், ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட வந்து, ஆறும் வரை மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் நாற்பது விளாறு இருக்கிறது. சிலது ஒடியும், அதற்கும் சேர்த்துத்தான் வெட்டினோம்.